‘எதிர்பாராத முத்தம்’ ‘பொன்முடி’ ஆன கதை

புதுச்சேரி பெருமாள் கோயில் தெருவிலுள்ள 95ஆம் எண் வீட்டுக்கு மாணவர்களை அழைத்துச் செல்வதை நாம் பல ஆண்டுகளாக ஒரு கடமையாகவே கொண்டிருக்கிறோம். இந்த ஊரில் தமிழ் படிக்கிற ஒருவர் பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீட்டைப் பார்க்காமலேயே பட்டம் வாங்கிச் செல்வது முறையன்று என்பது நம் எண்ணம். இன்று நினைவு இல்லமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிற அவ்வீட்டில் அப்படி ஒருநாள் நின்றுகொண்டிருந்தபோது, இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, “ஐயா, எதிர்பாராத முத்தம் சினிமாவாக வந்தது என்றீர்களே, படத்தில் அந்த முத்தம் வருகிறதா?” என்று கேட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். “அது பழைய படம் அம்மா, அதெல்லாம் எங்கே!” என்று சொல்லி மழுப்பிவிட்டு அடுத்த அறைக்கு நகர்ந்தோம்.

வீடு திரும்பிய பிறகுதான் அந்தக் கேள்வி உறுத்தத் தொடங்கியது. காதலையும் காமத்தையும் திரையில் காட்டலாமா, காட்டினால் எந்த அளவுக்குக் காட்டலாம் என்று தமிழ்ச் சமூகம் முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகச் சண்டையிட்டு வருகிறது. அந்தச் சண்டையின் தொடக்கக் காலத்தைத் தேடிப் போனால், வழி கோடம்பாக்கத்தோடும் சேலத்தோடும் முடிவதில்லை. இந்தப் பெருமாள் கோயில் தெருவுக்கும் வந்து சேர்கிறது. அந்த மாணவிக்கு அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறோம்.

*

கனக சுப்புரத்தினம் என்ற இயற்பெயர் கொண்ட பாரதிதாசன் 1891இல் புதுச்சேரியில் பிறந்தவர். 1909 முதல் 1946 வரை பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவர். ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் அவருடைய கதைப்பாட்டு 1938இல் வெளிவந்தது. முத்து வணிகர் குடும்பங்கள் இரண்டு. அவற்றுக்கிடையே மூண்ட பகை. அந்தப் பகையைப் பொருட்படுத்தாமல் ஒருவரையொருவர் விரும்பும் பொன்முடி, பூங்கோதை என்னும் இருவர். பொன்முடி வணிகருடன் வடநாடு செல்கிறான். பூங்கோதை அவனைத் தேடிப் புறப்படுகிறாள். இருவரும் கூடி வாழ வழியின்றிக் கதை சாவில் முடிகிறது. 

சங்கப் பாடல் படித்தவர்களுக்குப் பூங்கோதை புதியவள் அல்லள். பிரிந்த தலைவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியாரை ஒளவையார் அகநானூற்றில் நினைவுகூர்கிறார். வெள்ளிவீதியாரோ தம் உடலின் வேட்கையை எந்த ஒளிவுமறைவும் இன்றிக் குறுந்தொகையில் பாடியவர். காதலித்தவனைத் தேடிச் செல்லும் பெண்ணுக்குத் தமிழில் அவ்வளவு பழைய வழித்தடம் இருக்கிறது. பாரதிதாசன் அதில்தான் தம் கதைத்தலைவியை நடக்கவிட்டார். நூலின் தலைப்பிலேயே முத்தத்தை வைத்தார். அப்போது அவர் பணியிலிருந்த பள்ளியாசிரியர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் இந்தக் கதையைத் திரைப்படமாக்கியது. தயாரித்தவர் டி. ஆர். சுந்தரம். வசனம் எழுதியவர் பாரதிதாசனே. இசை ஜி. ராமநாதன். பொன்முடியாக பி. வி. நரசிம்ம பாரதியும் பூங்கோதையாக மாதுரி தேவியும் நடித்தார்கள். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்னும் அமெரிக்கர்.

படமானபோது இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, துயரமாக முடிந்த கதை இன்பமாக முடிந்தது. இதைத் திரைத்தொழிலின் வழக்கமான கணக்கு என்று கொள்ளலாம். இரண்டாவது, ‘எதிர்பாராத முத்தம்’ என்ற தலைப்புப் போய் ‘பொன்முடி’ என்ற தலைப்பு வந்தது. இரண்டு பேருக்கு நடுவே நிகழ்ந்த ஒன்றின் பெயர் அகன்று, ஓர் ஆணின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்தது. முத்தம் தலைப்பிலிருந்து நீங்கியபோது பூங்கோதையின் பங்கும் சேர்ந்து நீங்கிவிட்டது.

தலைப்பிலிருந்து முத்தத்தை எடுத்தும் படம் வசையிலிருந்து தப்பவில்லை. காதல் காட்சிகள் அளவுக்கு மீறிய நெருக்கத்துடன் இருப்பதாக அக்காலப் பத்திரிகைகள் கண்டித்தன. வெளிநாட்டிலிருந்து வந்தவர் தமிழ்ப் பண்பாட்டைக் கெடுக்கிறார் என்பதே கண்டனத்தின் சாரம். கதையும் வசனமும் புதுச்சேரித் தமிழாசிரியர் ஒருவருடையவை. விரல் நீண்டதோ அமெரிக்கரை நோக்கி.

*

டங்கன் அப்போது தமிழ்த் திரைக்குப் புதியவர் அல்லர். 1909இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் திரைக்கலை பயின்று, உடன்படித்த இந்திய நண்பர் எம். எல். டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தவர். ‘சதி லீலாவதி’, ‘அம்பிகாபதி’, ‘சகுந்தலை’, ‘மீரா’ ஆகிய படங்களை எடுத்தவர். பாரதிதாசனோடும் அவருக்கு முன்பே தொடர்பு உண்டு. 1940இல் வந்த ‘காளமேகம்’ படத்தில் இருவரும் சேர்ந்து பணியாற்றியிருந்தார்கள். தமிழ் பேசத் தெரியாமலே தமிழ்ப் படம் எடுத்தவர் என்று அவரைப் பற்றி வியந்து சொல்வதுண்டு. 

1937இல் ‘அம்பிகாபதி’யை எடுத்தபோது, வசனகர்த்தா இளங்கோவனிடம் ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட் நாடகத்தைக் கொடுத்து, அதன் மாடக் காட்சியைப் போலத் தமிழில் ஒரு காதல் காட்சி வேண்டும் என்று கேட்டார். தியாகராஜ பாகவதரும் எம். ஆர். சந்தானலட்சுமியும் நடித்த அந்தக் காட்சிகளைத் தமிழ் ரசிகர்கள் கொண்டாடினார்கள். காதலர்கள் எட்ட நின்று பாடிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களைப் பக்கத்தில் கொண்டுவந்து, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் பேசவைத்தவர் டங்கன்.

இதன் புதுமை என்ன என்பதை அறிய அதற்கு முந்தைய நாடக மேடையைப் பார்க்க வேண்டும். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியராகப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதி நாள்களைக் கழித்ததும் 1922இல் மறைந்ததும் புதுச்சேரியில்தான். கருவடிக்குப்பத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. இந்திய மொழிப் படங்களில் சிறந்ததற்குப் புதுச்சேரி அரசு வழங்கும் விருதும் அவர் பெயரில்தான் உள்ளது. ‘வள்ளி திருமணம்’ உள்ளிட்ட அவருடைய நாடகங்களில் காதல் வாதமும் சரசமும் தாராளமாக உண்டு. ஆனால் அவர் வழிநடத்திய பாலர் நாடகக் குழுக்களில் பெண் வேடத்தையும் சிறுவர்களே கட்டினார்கள். வள்ளியும் வேலனும் மேடையில் சரசமாடும்போது, இருவரும் வேடம் புனைந்த பையன்கள் என்பது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். தெரிந்ததனால் அந்தச் சரசம் யாரையும் சுடவில்லை. பெண்கள் நடித்த மேடைகளும் இருந்தன. அங்கே நடித்த பெண்களைச் சமூகம் ‘குடும்பப் பெண்’ என்னும் வட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தது.

சினிமா இந்த இரண்டு காப்புகளையும் ஒருசேர நீக்கியது. பெண்ணாக நடித்தவர் பெண்ணாகவே இருந்தார். அவர் முகம் நாடகமேடையில் தெரிந்ததைவிடப் பன்மடங்கு பெரிதாகத் தெரிந்தது. அகத்திணைப் பாடலில் வருபவர்களைப் பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்பது தொல்காப்பியர் விதி. பெயர் வந்தால் அது குறிப்பிட்ட ஒருவரின் கதையாகிவிடும். அகம் என்ற தகுதியை இழந்துவிடும். தலைவன், தலைவி என்று மட்டும் சொன்னால், படிக்கிற ஒவ்வொருவரும் தம் மனத்துக்குள் தமக்கான முகத்தை வரைந்துகொள்ளலாம். பாரதிதாசன் தம் காதலர்க்குப் பெயர் கொடுத்தார்; முகத்தைப் படிப்பவரிடம் விட்டுவைத்தார். திரைப்படத்தால் அப்படி விட்டுவைக்க இயலாது. மேலும், நூலைத் தனியே படிக்கிறோம். படத்தைத் தந்தையோடும் தமக்கையோடும் முன்பின் அறியாத நூற்றுக்கணக்கானவரோடும் உட்கார்ந்து பார்க்கிறோம். அச்சில் பன்னிரண்டு ஆண்டுகள் அமைதியாக இருந்த ஒரு முத்தம், திரைக்கு வரும் முன்பே பெயரை இழந்ததற்கு இதுவே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

*

இங்கே அரசின் பங்கைப் பற்றியும் ஒரு சொல். திரையில் முத்தம் இல்லாமல் போனதற்குச் சட்டமே காரணம் என்று பலரும் நம்புகிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் 1918இல் சினிமாச் சட்டம் வந்தது. 1920 முதல் பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் இயங்கின. ஆயினும் 1929இல் வந்த ‘பிரபஞ்ச பாஷ்’ என்னும் மௌனப்படத்திலும் 1933இல் ஹிமாங்ஷு ராயும் தேவிகா ராணியும் நடித்த ‘கர்மா’விலும் முத்தக் காட்சிகள் இருந்தன. வெள்ளை அரசுக்கு முத்தத்தைவிடக் கதர்க்குல்லாய்தான் அச்சம் தந்தது. கே. சுப்பிரமணியத்தின் ‘தியாகபூமி’ 1940இல் தடை செய்யப்பட்டது அரசியல் காரணத்தால்தான்.

‘பொன்முடி’ வந்த 1950இல் மத்தியத் தணிக்கை வாரியம் அமைந்திருக்கவில்லை. அது 1951இல் வந்தது. இன்றைய சினிமாச் சட்டம் 1952ஆம் ஆண்டினது. எழுதப்பட்ட எந்தத் தனி விதியும் இல்லாமலே விடுதலைக்குப் பின் முத்தம் இந்தியத் திரையிலிருந்து பெரும்பாலும் மறைந்துபோனது. தயாரிப்பாளர், தணிக்கையாளர், பத்திரிகையாளர், பார்வையாளர் என்று நால்வரும் பேசி வைத்தாற்போல அதை ஒதுக்கினார்கள். 1968இல் அமைந்த கோஸ்லா குழு, கதைக்குத் தேவையானால் முத்தத்தை அனுமதிக்கலாம் என்று மறு ஆண்டு பரிந்துரைத்தது. கே. ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பாலுணர்வைக் காட்டுவதெல்லாம் ஆபாசமாகிவிடாது என்று தெளிவாக்கியது. பரிந்துரையும் தீர்ப்பும் வந்தபின்னும் திரை உடனே மாறிவிடவில்லை.

‘மேல்நாட்டார் இப்படித்தான்’ என்று டங்கன்மீது வீசப்பட்ட பழிக்கும் இதே விடை பொருந்தும். புதுச்சேரியை ஆண்ட பிரான்சு, போதலேரின் கவிதை நூலை 1857இல் நீதிமன்றத்துக்கு இழுத்து, ஆறு கவிதைகளைத் தடை செய்தது. அந்தத் தீர்ப்பு நீங்கியது 1949இல், அதாவது ‘பொன்முடி’ வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில். 1958இல் லூயி மால் எடுத்த ‘லே அமான்’ என்னும் பிரெஞ்சுப் படத்தில், மணமான பெண்ணொருத்தி தன் விருப்பத்தைத் தேடி வீட்டை விட்டுப் போகிறாள். அந்தப் படத்தைத் திரையிட்டதற்காகத் தண்டிக்கப்பட்ட திரையரங்க மேலாளர் ஒருவர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று 1964இல் விடுதலை பெற்றார். அவரைத் தண்டித்த மாநிலம் ஒஹையோ. டங்கன் பிறந்த அதே ஒஹையோ. கட்டுப்பாடற்ற காமத்தை நமக்கு இறக்குமதி செய்தவராகக் கருதப்பட்டவரின் சொந்த ஊர்ப்பக்கத்தில், அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்தும் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

*

பூக்களிரண்டு காற்றில் ஆடி ஒன்றையொன்று தொடும், கிளிகள் அலகு உரசும், குடை மறைக்கும், விளக்கு அணையும். முத்தத்தை ஒதுக்கிய தமிழ்த் திரை கண்டுபிடித்த மாற்றுவழிகள் இவை. சங்க இலக்கியத்தின் உள்ளுறையும் இறைச்சியும் இங்கே தொடர்கின்றன, இதுவே மேலான கலை என்று நம் துறை நண்பர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அந்த வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. நேரே காட்டுவதைவிடக் குறிப்பால் உணர்த்துவது கவிதைக்கு உயிர் என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டை அவர்கள் கவனிக்கத் தவறுகிறார்கள். வண்டையும் பூவையும் சொல்லித் தன் மனத்தைத் திறப்பவர்கள் சங்கப் பாடலில் பெரும்பாலும் தலைவியும் தோழியும். வேட்கை அவளுடையது; அதை மறைத்துச் சொல்லும் நாகரிகமும் அவளுடையது. திரையில் வந்த பூவும் கிளியும் யாருடைய சொல்லும் அல்ல. படமெடுப்பவர் போட்ட திரைச்சீலை. அதே படத்தின் இன்னொரு மூலையில் கதைக்குத் தொடர்பே இல்லாத ஒரு விடுதி நடனம் இருக்கும். அங்கே கேமரா பெண்ணுடலை அங்குலம் அங்குலமாக அளக்கும். அதைக் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வருவோம். யாருக்கும் பண்பாடு நினைவுக்கு வராது. அந்த நடனக்காரிக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை. அவள் பிறர் பார்ப்பதற்காக இருப்பவள். விருப்பம் உள்ள ஒரு பெண் திரையில் வந்து அதைத் தன் வாயால் சொல்லும்போதுதான் நமக்குப் பண்பாடு நினைவு வருகிறது.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது எழுந்த எதிர்ப்பை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கெட்டுப்போனவள் என்று உலகம் சொல்லக்கூடிய மகளைத் தாய் தலையில் நீரூற்றி ஏற்றுக்கொண்டாள். சினம் எழுந்தது அவளைக் காரில் ஏற்றியவன் மீதன்று, மன்னித்த தாயின் மீதும் எழுதிய ஆசிரியர் மீதும்தான். அந்தத் தாய் மன்னிக்காமல் கூச்சலிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியிலிருந்து ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பிறந்தது. 1977இல் ஏ. பீம்சிங் அதைப் படமாக்கினார். கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது பெற்றார். அந்தப் படத்தில் உடலைக் காட்டும் காட்சிகள் இல்லை. ஒரு பெண் தன் வாழ்வை எப்படி வாழ்வது என்று தானே சிந்திக்கிறாள். அதுவே அன்று துணிச்சலாகத் தெரிந்தது.

*

1986இல் கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’ வந்தது. அருவிக்கு மேலே, சாகத் துணிந்த காதலர் இருவர். குதிக்கும் முன் அவன் அவளை முத்தமிடுகிறான். தமிழ்த் திரையின் பெயர்பெற்ற முத்தங்களில் அது ஒன்று. அந்தக் காட்சியை எத்தனையோ கட்டுரைகள் பாராட்டின, துணிவு என்றன, சிலர் முகம் சுளித்தார்கள். பாராட்டியவர், சுளித்தவர் இரு சாராரும் வாதிட்டது ஒன்றைப் பற்றித்தான்: தமிழ்ப் பண்பாட்டுக்கு இது தகுமா?

அந்தக் காட்சியில் நடித்த ரேகா, முத்தத்தைப் பற்றித் தம்மிடம் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை என்று பின்னாளில் பேட்டியில் கூறினார். 2020இல் அப்பேச்சு பரவிப் பெரும் விவாதமாயிற்று. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் காட்சியைப் பற்றிப் பேசியவர்களில் நாமும் உண்டு. கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் அதை மேற்கோளாகக் காட்டியதும் உண்டு. அதில் நடித்த பெண்ணுக்கு அது விருப்பமா என்று ஒருநாளும் நாம் கேட்டதில்லை. பாரதிதாசன் தம் நூலுக்கு வைத்த தலைப்பு, அவர் ஒருபோதும் எண்ணியிராத பொருளில், இந்த நிகழ்ச்சிக்குப் பொருந்திப்போனது நமக்கு வலியைத் தந்தது.

நம் நோக்கில் இந்தச் சண்டை முழுவதிலும் விடுபட்டுப்போன கேள்வி இதுதான். காட்டலாமா கூடாதா என்று கேட்டோம். எவ்வளவு நேரம், எவ்வளவு நெருக்கம், உடை எவ்வளவு என்று அளந்தோம். இந்த விருப்பம் யாருடையது, அவளைக் கேட்டார்களா என்று மட்டும் கேட்கவில்லை. கதைக்குள் இருக்கும் பெண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. அவளாக நடிக்கும் பெண்ணைப் பற்றியும் கேட்கவில்லை. இந்தக் கேள்வியை உரைகல்லாக வைத்துக்கொண்டால் பல வழக்குகள் தெளிவாகின்றன. முத்தமே இல்லாத ஒரு பாடல் காட்சி ஆபாசமாக இருக்கலாம். முத்தம் உள்ள ஒரு காட்சி குறுந்தொகையைப் போலத் தூய்மையாக இருக்கலாம்.

2025இல் வர்ஷா பரத் இயக்கிய ‘பேட் கேர்ள்’ படத்தின் முன்னோட்டம் வெளியானபோது மீண்டும் அதே கூச்சல் எழுந்தது. நீதிமன்றம் வரை சென்றது. பள்ளிப் பருவம் தொட்டு ஒரு பெண் தன் ஆசைகளைத் தானே சொல்லும் படம் அது. செப்டம்பரில் படம் வெளிவந்தது. படத்தின் குறைநிறைகள் தனியே பேசத்தக்கவை. ஆனால் ‘பொன்முடி’க்குப் பின் எழுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும், பண்பாடு கெடுகிறது என்ற அதே குற்றச்சாட்டைக் கேட்க நேர்ந்தது. இம்முறை பழிபோட அமெரிக்கர் எவரும் இல்லை.

*

இறுதியாக ஓர் ஒப்புதல். தணிக்கையாளரைப் பற்றியும் பத்திரிகைகளைப் பற்றியும் இவ்வளவு எழுதிவிட்டோம். ‘எதிர்பாராத முத்தம்’ பாடமாக வந்த ஆண்டுகளிலெல்லாம், காதலர் சந்திக்கும் பகுதி வரும்போது, “இது எளிய பகுதி, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பியவர்கள் நாம். தேர்வில் கேட்கமாட்டார்கள் என்பது நாம் வைத்திருந்த சமாதானம். மாணவரும் மாணவியரும் ஒன்றாக அமர்ந்திருக்கும் வகுப்பும் ஒரு திரையரங்குதான். அங்கே கத்தரிக்கோல் நம் கையில் இருந்தது.

இந்த ஆண்டு அந்தப் பகுதியை வகுப்பில் முழுவதும் வாய்விட்டுப் படித்தோம். முதலில் கடைசி வரிசையில் சிரிப்பு எழுந்தது. பூங்கோதை பேசத் தொடங்கியதும் அது தானாகவே அடங்கியது. படித்து முடித்தபின், நினைவு இல்லத்தில் கேள்வி கேட்ட அந்த மாணவியைப் பார்த்து, படமாக்கியபோது தலைப்பிலிருந்தே முத்தத்தை எடுத்துவிட்டார்கள் என்பதைச் சொன்னோம்.

அவள் சற்று யோசித்துவிட்டு, “முத்தம் வேண்டாமென்றால் போகட்டும் ஐயா. தேடிப் போனவள் பூங்கோதைதானே, அவள் பெயரையாவது வைத்திருக்கலாமே” என்றாள்.

இந்தமுறை யாரும் சிரிக்கவில்லை.